மாங்காய்த் தோலும் மஞ்சள் மூடி டப்பாவும்

என் மகள் முதன்முதலில் பேசிய சொல் அம்மா இல்லை. நைனாவும் இல்லை. பத்து மாதத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சுட்டுவிரலை நீட்டி, அட்சரசுத்தமாக "ஈ" என்றாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளை எதை அதிகம் பார்க்கிறதோ அதைத்தானே முதலில் சொல்லும்? என் முகத்தை விட ஈயின் முகத்தை அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

எங்கள் ஊர் ஆந்திராவில், புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாந்தோப்பு. ஜூன் பிறந்துவிட்டால் தோத்தாபுரி மாங்காய் அறுவடை. காயெல்லாம் ரோட்டோரத்துக் கூழ் ஆலைக்குப் போகும். ஊரில் அதற்கு ஜூஸ் பேக்டரி என்று பெயர். கூழ் டின்னில் அடைபட்டு எந்தெந்த தேசத்துக்கோ போய்விடும். தோலும் கொட்டையும் எங்களுக்கு.

எங்களுக்கு என்றால், யாரும் எங்கள் தலையில் கொண்டுவந்து கட்டுவதில்லை. நாங்களே போய்க் கேட்டு வாங்கி வருகிறோம். காய் இறக்கிய டிராக்டர் வெறும் வண்டியாக ஊர் திரும்பக் கூடாது. திரும்பினால் இங்குள்ள ஆண்களுக்கு அது ஏதோ கௌரவக் குறைச்சல். ஒரு லோடு தோலை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, எருமைக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொல்லையில் எருக்குழியில் கொட்டுவார்கள். இரண்டு நாள் நல்ல வாசனையாக இருக்கும். மூன்றாம் நாள் புளிக்கும். நான்காம் நாளிலிருந்து வீடு நம்முடையது இல்லை.

நான் திருத்தணிப் பக்கத்தில் பிறந்தவள். அங்கேயும் ஈ உண்டு. ஆனால் அங்கே ஈ வரும், உட்காரும், விரட்டினால் போகும். இங்கே அது குடியிருக்கும். துணி காயப்போட்டால் கொடிக்கயிறே தெரியாது. தண்ணீர் குடிக்க வாயைத் திறக்க யோசிக்க வேண்டும். பெரியவர்கள் பழகிவிட்டார்கள். பேசிக்கொண்டே ஒரு கையால் விசிறுவார்கள், அந்தக் கை விசிறுவது அவர்களுக்கே தெரியாது. ஆனால் பாப்பாவுக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. சோறு ஊட்டினால் ஒரு வாய்க்கு நாலு ஈ. தூங்கும்போது கண்ணோரத்தில் வரிசையாக உட்காரும். அவள் முகத்தைச் சுளிப்பாள், திரும்பிப் படுப்பாள், அது அந்தப் பக்கம் போய் உட்காரும்.

ஜூன் முதல் வாரத்திலேயே அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. புத்தூரில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "ஈ மொய்க்காம பாத்துக்கோங்கம்மா" என்றார். என்னமோ நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அந்த மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து எதையாவது உடைக்கலாம் போல இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் யுத்தம் தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று தடவை தரை துடைத்தேன். வேப்பிலைப் புகை போட்டேன். ஈக்கள் பக்கத்து அறைக்குப் போயின, பாப்பா இருமி இருமிச் சிவந்துபோனாள். பாலிதீன் பையில் தண்ணீர் கட்டி வாசலில் தொங்கவிட்டேன். ஈக்கள் அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறின. கடையில் ஸ்பிரே வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு அடித்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் தரை முழுக்கச் செத்த ஈ. நான் துடைப்பத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவள் தவழ்ந்து போய், இரண்டு விரலால் பொரி பொறுக்குவது போல ஒன்றைப் பொறுக்கிவிட்டாள். வாய்க்குப் போவதற்குள் பிடுங்கினேன். அன்றோடு ஸ்பிரேயைப் பரண் மேல் போட்டேன்.

பிறகு பசை அட்டை. ஈ ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஒட்டத்தான் ஒட்டியது. ஒரு நாள் காற்றில் அது விழுந்து பாப்பாவின் தலையிலும் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பிரித்தெடுக்க ஒரு பகல் ஆனது. அவள் அழுதாள். நான் அவளை விட அதிகம் அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அசரவில்லை. "மழ வந்தா அதுங்களே பூடும். நீ ஏன் இப்டி பேய் புட்ச்சா மாரி சுத்திக்கினு கீற?" என்றாள். மழை ஜூலையிலா ஆகஸ்டிலா, அது அவளுக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இனிமேல் தோல் கொண்டு வரவேண்டாம்.

"நம்ம ஒரு ஊடு நிறுத்தினா ஈ நின்னுடுமா? ஊரே கொண்டாந்து கொட்டிக்கினு கீது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நாலு பக்கமும் நாலு எருக்குழி. பேக்டரியிடம் போய்ச் சண்டை போடலாமா என்றால், நம் காயை வாங்குவதே அவன்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் கிடைத்தவரைத் திட்டினேன். பெரும்பாலும் கிடைத்தவர் அவர்தான்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் தோப்பிலிருந்து வரும்போது நாலு டப்பாக்களோடு வந்தார். மாந்தோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த டப்பாவைத் தெரியும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடம்பு, மஞ்சள் மூடி, உள்ளே கம்பியில் தொங்கும் தீப்பெட்டி அளவு மரக்கட்டை. காயில் முட்டை வைத்துப் புழு விடும் பழ ஈயைப் பிடிப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டுவார்கள். கட்டையிலிருந்து லவங்க வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குப் பழ ஈ மயங்கி உள்ளே போய் விழுந்து சாகும். எங்கள் தோப்பில் அந்த டப்பாக்கள் ஒரு வாரத்தில் கழுத்துவரை நிறைந்துவிடும். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார்.

"நாலு பக்கமும் கட்டிட்டா போதும். நாளைக்குப் பாரு, ஊட்ல ஒரு ஈ இருக்காது" என்றார்.

"அதுல மருந்து கீதா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

"மருந்து இல்ல மே. வாசன. வெறும் வாசனக் கட்ட."

நாற்காலி போட்டு ஏறி, பாப்பாவுக்கு எட்டவே முடியாத உயரத்தில், உத்தரத்தில் இழுத்துக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டப்பாக்களில் ஈ விழுந்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டு ஈ இல்லை. இடுப்பு சிறுத்து, முதுகில் மஞ்சள் கோடு போட்டு, குட்டிக் குளவி போன்ற பழ ஈ. அக்கம்பக்கத்துத் தோப்புகளில் இருந்ததெல்லாம் லவங்க வாசனையைப் பிடித்துக்கொண்டு என் கூடத்துக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டு ஈக்களோ அந்த டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போலச் சோற்றிலும் பாப்பாவின் மூக்கிலும் இருந்தன. பழைய குடித்தனம் காலி செய்யவில்லை, புதிதாக ஒரு குடித்தனமும் வந்து சேர்ந்துவிட்டது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் முந்தின நாளே காய் லோடு ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போய்விட்டார். சீசனில் டிராக்டர்கள் ரோட்டில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போக ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். திட்டுவதற்கு ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். மூன்று டப்பாக்களை அறுத்து எடுத்தேன். நான்காவது எட்டவில்லை. அவர் வந்ததும் மூஞ்சிக்கு நேரே நீட்டலாம் என்று, பின்கதவு ஓரத்தில் அழுக்குத் துணி போடும் டப்பில் அந்த மூன்றையும் வீசினேன். வைக்கவில்லை, வீசினேன். ஒன்றின் மூடி அப்போதே கழன்றிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். காய்ச்சி, ஆற்றி, ஒரு ஈ கூட உட்காராமல் வலைமூடி போட்டு மூடினேன். இன்றைக்கு ஜெயித்தேன் என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம்தான் கவனித்தேன், வீட்டில் சத்தமே இல்லை.

அவள் டப்பைக் கவிழ்த்துப் போட்டு, அழுக்குத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செத்த பழ ஈக்கள் கொட்டிக் கிடந்தன. கையில் அந்த மரக்கட்டை. வாய் ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைத் தூக்கி முகத்தோடு வைத்து முகர்ந்தேன். லவங்க வாசனை.

வாயில் வைத்தாளா, வைக்கப் போனாளா, சப்பினாளா, எவ்வளவு நேரம்? அந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது. பல் முளைக்கும் வயது. வாய் எப்போதும்தான் ஈரமாக இருக்கும்.

என் கத்தலைக் கேட்டு அக்கா ஓடி வந்தாள். "உப்புத் தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்!" என்றாள். நானும் உப்பைக் கரைத்துவிட்டேன். அதற்குள் ஆம்புலன்சுக்குப் போட்ட போனில் ஒரு பெண் தெலுங்கில், எதுவும் கொடுக்காதே, வாந்தி எடுக்க வைக்காதே, துணியைக் கழற்றி வாயையும் கையையும் தண்ணீரால் கழுவு, கட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போ என்று சொன்னாள். வண்டி வர நேரமாகும் என்றும் சொன்னாள். நல்ல வேளையாக அக்கா வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர், அன்று வீட்டில் இருந்தார். பாப்பாவை வெறும் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறினேன். கட்டை ஒரு பாலிதீன் பையில் என் மடியில் இருந்தது.

திருப்பதி ரோட்டுக்குப் போகும் வழியில்தான் பேக்டரி. டிராக்டர் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிரே மொட்டைத் தலைகளோடு கோயில் வேன்கள், இந்தப் பக்கம் மாங்காய் டிராக்டர்கள், நடுவில் எங்கள் கார் நகரவே முடியாமல் நின்றது. போனில் சொல்லியிருந்ததால் என் வீட்டுக்காரர் வரிசையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஏதோ கத்தினார். அடுத்த நிமிஷம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு டிராக்டராகச் சரிவில் இறக்கி வழி விட்டார்கள். அவரும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். இரண்டு நாள் காத்து நின்ற இடத்தை அவர்கள் விட்டுக் கொடுத்ததெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் எல்லா டிராக்டரிலும் இருந்த மாங்காய்தான்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் என்னை விடச் சின்னப் பெண். பாப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, கட்டையில் என்ன மருந்து இருக்கிறது, பாக்கெட் எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். பாக்கெட்டை எப்போதோ தோப்பிலேயே போட்டுவிட்டாராம். இவர் வெளியே ஓடிப் போய்ப் புத்தூரில் பூச்சிமருந்துக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் முதலில் வாசனைதான் என்றார். இவர் அதட்டியதும் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எறும்பு எழுத்தில், அடியில், பூச்சிக்கொல்லியின் பெயர் இருந்தது. அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். பாவம், அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் வாயில் இருந்தது?" என்று டாக்டர் கேட்டாள்.

"தெலீதண்டி" என்றேன். தெரியாதுங்க.

மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். நாள் முழுக்கப் பிள்ளையை விட்டு நகராதவள், பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நின்றேன்.

கையில் ஊசி குத்தி, பலகை வைத்துக் கட்டினார்கள். கால் விரலில் ஒரு ஒயரை மாட்டினார்கள். எச்சில் ஒழுகுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள் டாக்டர். தூங்கினால் தூங்கட்டும், ஆனால் அது தூக்கமா மயக்கமா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாள். நாங்களும் வந்து பார்ப்போம் என்றாள்.

அழுது அழுது மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கண்ணை மூடினாள். ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை அவள் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். தூங்க மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். அன்று அவள் தூங்குகிறாளா என்பதே எனக்குத் தெரியவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினேன், காலை இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுரண்டினேன், இழுத்த மாதிரி இருந்தது. அடுத்த தடவை இழுத்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஏமீ காதம்மா" என்றார். ஒன்றும் ஆகாது என்று சொல்வது அவர் வேலை. நம்புவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் இன்னும் மாங்காய்ப் பால் வாடை அடித்தது. என்னைப் பார்க்காமலே, "நான் ஒசரத்துல தானே கட்னேன்" என்றார்.

தோலை யார் கொண்டு வந்தது, வாசனைக் கட்டை என்று யார் சொன்னது என்று கேட்க என்னிடம் வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவர் உயரத்தில் கட்டினார். நான்தான் இறக்கினேன். ஈயிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, ஈக்கு வைத்ததை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவள் நான்தான்.

அப்போது ஒரு ஈ வந்தது.

ஜன்னலெல்லாம் அடைத்து, ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை அது. எங்கள் துணியோடு எங்கள் ஊரிலிருந்தே வந்திருக்கலாம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாப்பாவின் புருவத்தில் உட்கார்ந்தது. அவர் துண்டை ஓங்கினார். நான் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. துண்டை மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் அந்த ஈயைப் பார்த்தோம். அது புருவத்திலிருந்து இறங்கியது. கண் இமையில் நின்று காலைத் தேய்த்தது. பாப்பா அசையவில்லை. மூக்கோரமாக நடந்து கன்னத்துக்கு வந்தது. அவள் அசையவில்லை. இரண்டு மாதமாக நான் சபித்துக் கொட்டிய ஜென்மத்திடம், நட, இன்னும் கொஞ்சம் நட என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது வாயோரத்துக்கு வந்தது. காய்ந்த பால் இருந்த இடத்தில் நின்றது.

மூக்கு சுருங்கியது. உதடு கோணியது. பலகை கட்டிய கை எழாமல் போக, இன்னொரு கை எழுந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் குறி தவறி, தன் காதைத் தானே அடித்துக்கொண்டது. ஈ பறந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மேலே எங்கேயோ தேடி, விரலை நீட்டி, "ஈ" என்றாள்.

"ஈ தாண்டி கண்ணு, ஈ தான்" என்று நான் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அவர் அந்தத் துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்ததும் அவர் எங்கள் எருக்குழியை மண் போட்டு மூடினார். டப்பாக்களைத் தோப்புக்கே கொண்டு போய்விட்டார், கட்டை மாற்றும்போதெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு மாற்றுகிறார். எங்கள் டிராக்டர் இப்போது வெறும் வண்டியாகத் திரும்புகிறது. சுற்றி இருக்கும் வீடுகளின் குழிகள் அப்படியே இருக்கின்றன, பேக்டரி அப்படியே இருக்கிறது. அவர் சொன்னது சரிதான், ஒரு வீடு நிறுத்தினால் ஈ நின்றுவிடாது. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம், பாப்பாவைக் குடை வலைக்குள் தூங்க வைக்கிறோம், சாப்பிட்ட தட்டை உடனே கழுவுகிறேன். அதற்கு மேல் செய்வதற்கு எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

அவள் இப்போது நிறையச் சொற்கள் பேசுகிறாள். என்னை அம்மா என்கிறாள். ஈ வந்தால் அவளே கையை வீசி விரட்டுகிறாள். ஆனாலும் எப்போதாவது வலைக்குள் ஒன்று புகுந்து, தூங்குகிறவள் கன்னத்தில் உட்கார்ந்தால், ஓங்கிய என் கை நின்றுவிடுகிறது. விரட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி அந்த முகத்தையே பார்க்கிறேன், சுளிக்கிறாளா என்று.